இலவசமும் பங்கும்

மலேசியாவில் எங்கே ஒரு தாமான் கட்டினாலும், அதன் கால்வாய் எவ்வளவு அகலம், வெள்ளநீர் தேங்கும் குளம் எவ்வளவு ஆழம் என்று கணக்கிட நீர்ப்பாசன வடிகால் துறையின் கையேடு ஒன்று இருக்கிறது. எம்எஸ்எம்ஏ என்று சுருக்கிச் சொல்வோம். 2001 முதல் நடைமுறையில் இருப்பது. அதன் இரண்டாம் பதிப்பில், மழை பற்றிய அத்தியாயத்தின் பின்னிணைப்பாக ஓர் அட்டவணை வருகிறது. மாநிலம் மாநிலமாக மழை நிலையங்களின் எண், பெயர், பக்கத்தில் நான்கு மாறிலிகள். மலாக்காவுக்கு மூன்றே வரி. புக்கிட் செபுகோர். சின் சின் தெப்பி ஜாலான். லாடாங் லெண்டு.

நான் சிவில் பொறியாளர். வடிகால் வரைவதுதான் பிழைப்பு. இந்த மூன்றில் எனக்கு எப்போதும் கண் போய் நிற்பது கடைசி வரியில்தான். லாடாங் என்றால் தோட்டம். அதன் எண் 2321006. முதல் இரண்டு இலக்கம் அட்சரேகை, 2.3 பாகை. அடுத்த இரண்டு தீர்க்கரேகை, 102.1 பாகை, முன்னால் இருக்கும் நூறை விட்டுவிட்டார்கள். மிச்சம் அந்தக் கட்டத்துக்குள் நிலையத்தின் வரிசை எண். அலோர் காஜா பக்கம் எத்தனையோ வீடுகளின் வாசல் கால்வாய், லெண்டு தோட்டத்தில் பெய்து, யாரோ ஒருவர் அளந்து எழுதிய மழையை நம்பி வெட்டப்பட்டிருக்கிறது. அந்த 'யாரோ'வின் பெயர் அட்டவணையில் இல்லை. இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

நாட்டின் மழை நிலையப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், லாடாங், லாடாங் என்று வந்துகொண்டே இருக்கும். காரணம் எளிது. வெள்ளைக்காரன் காலத்தில், பட்டணத்தை விட்டுத் தள்ளி, தினமும் காலையில் தவறாமல் ஓர் ஆள் எழுந்து எதையாவது நோட்டில் குறித்து வைக்கிற இடம் என்றால் அது தோட்டத்து ஆபீஸ்தான். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர் டான் சே யான். 1896-இல், இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில். பிறகு புக்கிட் அசஹான். ரப்பருக்கு மழைக்கணக்கு அவசியம். மரம் நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் பட்டை முழுக்க வழியும். மங்கில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிற்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி சந்தேகம். பிறகு செம்பனை வந்தது. செம்பனையில் இன்றைக்கு வெட்டுகிற குலை ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முந்தைய மழையைத்தான் காட்டும். ஆகவே துரைக்கு மழை நோட்டு வேண்டும். எழுதுவதற்கு ஒரு கிராணி, ஊற்றி அளப்பதற்கு ஓர் ஆபீஸ் பையன்.

என் பெரியப்பா ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆபீஸ் பையனாகச் சேர்ந்து கிராணியாக ஓய்வு பெற்றவர். மழைமானியை அவர் 'மழைப்போத்தல்' என்றுதான் சொல்வார். மேலே புனல், உள்ளே போத்தல், காலையில் போத்தலை எடுத்து அளவுக் கண்ணாடியில் ஊற்ற வேண்டும், கோட்டைப் பார்த்து அங்குலத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒருமுறை கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமையும் போவீங்களா பெரியப்பா?"

"மழைக்கு ஏதுடா ஞாயிறு திங்க. தீவாளிக்கும் போவேன். எண்ண தேச்சிக் குளிக்கிறதுக்கு முன்ன போயி ஊத்திப் பாத்துட்டு வந்துருவேன்."

"போகாம சும்மா ஒரு நம்பர எழுதிட்டா?"

"எழுதலாம். யாருக்குத் தெரியும்? ஆனா அடுத்த நாளு போத்தல்ல ரெண்டு நாளு தண்ணி நிக்கும்ல. அது காட்டிக் குடுத்துரும்."

நீரியல் பாடத்தில் இதற்கென்று ஒரு முறையே இருக்கிறது. ஒரு நிலையத்தின் மழையை வருடக்கணக்கில் கூட்டிக்கொண்டே போய், சுற்றியுள்ள நிலையங்களின் சராசரிக் கூட்டுத்தொகையோடு சேர்த்து வரைவார்கள். எல்லாரும் ஒழுங்காக அளந்திருந்தால் கோடு நேராகப் போகும். எங்காவது மடங்கினால் ஏதோ நடந்திருக்கிறது: மானியை இடம் மாற்றியிருப்பார்கள், பக்கத்து மரம் வளர்ந்து புனலை மறைத்திருக்கும், அல்லது ஆள் மாறியிருப்பார். நாற்பது ஐம்பது வருடம் நேராக ஓடும் அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது எனக்கு ஒருவித மரியாதை வரும். ஓர் எண் என்பது சாட்சி சொல்வது. நீதிமன்றத்தில் சாட்சிக்குப் பெயர், முகவரி, சத்தியப்பிரமாணம் எல்லாம் உண்டு. இந்தச் சாட்சிகளுக்கு ஒன்றும் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துச் சாட்சியோடு ஒத்துப்போவது ஒன்றுதான் அவர்களுக்கு இருக்கும் நற்சான்று.

அந்த நோட்டுகள் என்ன ஆயின என்று கேட்டேன். தோட்டம் கைமாறியபோது ஆபீஸைக் காலி செய்தார்களாம். செக்ரோல், மழை நோட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துக் கொளுத்தியதைப் பெரியப்பா பார்த்திருக்கிறார். எழுதியவர் பார்த்துக்கொண்டிருக்க எழுத்து எரிந்தது. "கம்பெனி நோட்டு, கம்பெனி எரிச்சான்" என்றார். அவருக்கு அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் இருந்தது.

பெரியப்பாவின் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் பழைய தத்துவம் ஒன்று இருக்கிறது. ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் சொத்துரிமைக்கு ஒரு நியாயம் சொன்னார். பொதுவில் கிடக்கும் ஒன்றில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே அத்தியாயத்தில், தன் வேலைக்காரன் வெட்டிய புல்லும் தனக்கே சொந்தம் என்று எழுதிவிட்டுப் போகிறார். தோட்டப்புறத்தின் முழுப் பொருளாதாரமும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். பால் சீவியவர்கள் நம் ஆட்கள், பால் கம்பெனியுடையது. மழையை அளந்தவர் நம் ஆள், அளவு கம்பெனியுடையது. ஆனால் பாலையும் மழை அளவையும் அப்படி ஒரே தராசில் வைக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாலை விற்றால் தீர்ந்துவிடும். 1971 ஜனவரியில் ஜாசினில் எவ்வளவு பெய்தது என்பது ஆயிரம் பேர் எடுத்துக்கொண்டாலும் குறையாது. எரித்தால் மட்டும் திரும்ப வராது. அந்த நாளின் மழையை இனி எந்தக் கருவியாலும் போய் அளக்க முடியாது.

எரியாமல் தப்பியவை எங்கே போகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் அடுத்த பாதி. தோட்டம் அரசுக்கு அனுப்பிய பிரதிகள் அரசின் பதிவில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி உலக அளவில் சேர்க்கப்படுகிறது. ஜெர்மனியின் வானிலைத் துறை ஓஃபென்பாக் நகரில் 1989 முதல் உலக மழைப்பொழிவு மையம் ஒன்றை நடத்துகிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் மழைக்கணக்கைத் திரட்டிய மையம். மழையை வானத்திலிருந்து அளக்கும் செயற்கைக்கோள்களின் கணக்கைத் தரையோடு ஒப்பிட்டுத் திருத்த இந்தத் திரட்டு பயன்படுகிறது. ஆனால் அந்த மையத்திடம் போய் 'குறிப்பிட்ட இந்த நிலையத்தின் கணக்கைக் கொடுங்கள்' என்றால் கொடுக்க மாட்டார்கள். கஞ்சத்தனத்தால் இல்லை, கொடுத்த நாடுகள் போட்ட நிபந்தனை அப்படி. உலகத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சராசரி மட்டும் எல்லாருக்கும் தருகிறார்கள். நிலையத்தின் பெயர் அங்கே உதிர்ந்துவிடுகிறது.

இன்னொரு பெரிய சேமிப்பு ஐரோப்பாவுடையது. நடுத்தரக்கால வானிலை முன்கணிப்புக்கான ஐரோப்பிய மையம் 1975-இல் தொடங்கப்பட்டது. அதன் கணினிகள் இப்போது இத்தாலியின் போலோன்யாவில் இருக்கின்றன. 1940 முதல் இன்றுவரை மணிக்கு மணி உலகத்தின் வானிலை எப்படி இருந்தது என்பதைத் திரும்பக் கட்டியெழுப்பியிருக்கிறார்கள். அதற்கு ஈரா5 என்று பெயர். 2018 முதல் ஒரு பொதுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்து எடுக்கலாம். காசு கிடையாது.

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் ஜாசின் வெள்ளம் பற்றி ஆய்வுத்திட்டம் செய்தேன். மலாக்காவின் எண்பது வருடக் காற்று, வெப்பம், மழை எல்லாம் போலோன்யாவிலிருந்து ஓர் இரவில் என் மடிக்கணினிக்கு வந்துவிட்டது. பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு நிலையத்தின் பத்து வருட மழைக்கு மேற்பார்வையாளர் கடிதம், விண்ணப்பம், கட்டணம், பிறகு காத்திருப்பு. எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. நம் நாட்டில் தரவு கேட்டுப் போன எல்லாரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். கடிதத்துக்குக் காத்திருந்த வாரங்களில் ஐரோப்பாவின் கணக்கை வைத்தே வேலையை ஆரம்பித்தேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. அந்தத் தளம் தரும் ஒரு கட்டம் கால் பாகை அகலம். இங்கே அது கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர், பரப்பில் 770 சதுர கிலோமீட்டர். மலாக்கா மாநிலமே ஏறக்குறைய 1,700 சதுர கிலோமீட்டர்தான். அதாவது முழு மாநிலமும் இரண்டு கட்டம் சொச்சம். மாலை நாலு மணிக்கு மெர்லிமாவில் கொட்டும் மழை ஜாசின் பட்டணத்தில் ஒரு சொட்டும் விழாமல் போவது நமக்குத் தெரியும். கட்டத்துக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், ஈரா5 தருவது அளந்த மழையே இல்லை. பலூன், செயற்கைக்கோள், காற்றழுத்தம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இயற்பியல் சமன்பாடுகள் கணித்துச் சொல்லும் மழை. அருமையான கணிப்பு. ஆனால் மழைப்போத்தலில் ஊற்றிப் பார்த்தது இல்லை.

தத்துவக் கேள்வி என்று ஒன்று இதில் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதும் நம்முடையதாக இருப்பதும் ஒன்றா?

'திறந்த தரவு' என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். அவர்கள் பக்கம் நல்ல ஆதாரமும் உண்டு. 1972-இல் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் பறந்தது. எண்பதுகளில் அதைத் தனியாரிடம் கொடுத்தபோது ஒரு படத்தின் விலை நாலாயிரம் டாலரைத் தாண்டியது. யாரும் வாங்க முடியவில்லை, ஆய்வே முடங்கியது. 2008-இல் முழுக்க இலவசமாக்கினார்கள். காடு அழிவதையும் கடற்கரை அரிக்கப்படுவதையும் ஏழை நாட்டு மாணவன் தன் அறையிலிருந்து அளக்க முடிந்தது அதன் பிறகுதான். மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கதை உண்டு. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைச் சுற்றுலாப் பயணிகள் பயந்துவிடுவார்கள் என்று அரசு பல வருடம் வெளியிடாமல் வைத்திருந்தது. 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் முற்றி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு ஐந்நூறைத் தாண்டி அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்த சமயத்தில்தான் அது மக்களுக்குத் திறந்தது. அதுவரை எதிர்வீடு தெரிகிறதா இல்லையா என்பதுதான் நம் அளவுகோல்.

ஆகவே திறப்பது நல்லதா என்று நான் விவாதிக்கவில்லை. நல்லது. ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டால் உடனே ஒன்று நினைவுக்கு வரும். லயத்து வீடு இலவசம். தண்ணீர் இலவசம். பிள்ளைக்காம்பரா இலவசம். மூன்று தலைமுறை அந்த வீட்டில் பிறந்து, வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து, அம்மன் கோயிலும் கட்டியிருப்பார்கள். தோட்டம் விற்றவுடன் ஒரு கடிதம் வரும். வீடு கம்பெனியுடையது, இத்தனை நாளைக்குள் காலி செய்யவும். இலவசமாக இருந்ததாலேயே அங்கே கேட்பதற்கு அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு வெள்ளி வாடகை கொடுத்திருந்தால்கூட ரசீது இருந்திருக்கும்.

இதை ஒரு உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. இன்றைக்குப் புவி அறிவியலின் தரவு அவ்வளவு பெரிதாகிவிட்டது, வீட்டுக்கு இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. தரவு கணினிக்கு வந்த காலம் போய், தரவு இருக்கும் கணினியைத் தேடி நம் நிரல் போகிற காலம். ஆகவே தரவு திறந்திருந்தால் மட்டும் போதாது, அது குடியிருக்கும் கணினியிலும் இடம் வேண்டும். கூகுள் 2010 முதல் எர்த் எஞ்சின் என்ற வசதியை ஆய்வுக்கு இலவசமாகத் தருகிறது. மைக்ரோசாஃப்ட் 'பிளானட்டரி கம்ப்யூட்டர்' என்ற பெயரில் தந்தது. உலகம் முழுக்க மாணவர்கள் தங்கள் வேலையை அங்கே கட்டினார்கள். 2024 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அந்த இலவசக் கணினி மேடையை மூடியது. தரவு இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். உட்கார்ந்து வேலை செய்ய மேசை இல்லை. அரசு வைத்திருப்பதும் நிரந்தரம் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் நோவா நிறுவனம், நூறு கோடி டாலருக்கு மேல் சேதம் செய்த பேரிடர்களின் பட்டியலை 1980-இலிருந்து தொகுத்து வந்தது. 2025 மே மாதம், இனி அதில் புதிதாக எதையும் சேர்க்க மாட்டோம் என்று அறிவித்தது. இவர்கள் யாரும் நமக்கு வாக்குறுதி மீறவில்லை. நாம் அவர்களுடைய லயத்தில் இருந்தோம், அவ்வளவுதான்.

போலோன்யாவின் கதை வேறு மாதிரி, அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்த ஐரோப்பிய மையம் ஒரு கம்பெனி இல்லை, ஒரு நாட்டின் அரசும் இல்லை. பல நாடுகள் சேர்ந்து பணம் போட்டு, சபை வைத்து நடத்துவது. இப்போது 23 உறுப்பு நாடுகள். ஒரு நாட்டால் மட்டும் வாங்க முடியாத கணினியைக் கூட்டாக வாங்கினார்கள். சுருக்கமாகச் சொன்னால் ஒரு கூட்டுறவுச் சங்கம். அவர்களுக்கு அங்கே பங்கு இருக்கிறது. எந்தக் கருவி வேண்டும், கட்டத்தை எங்கே சிறிதாக்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்கலாம். நமக்கு இருப்பது அனுமதி. வெப்பமண்டலத்து மாலை மழை சரியாக வரவில்லை என்று மலாக்காவிலிருந்து ஒருவன் மின்னஞ்சல் போடலாம். அன்பாகப் பதிலும் வரும். கையை உயர்த்தி ஓட்டுப் போட முடியாது.

பங்குக்கும் அனுமதிக்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஆட்களுக்கு யாரும் ஐரோப்பாவிலிருந்து வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போனது. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தில் ஆரம்பித்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். கூட்டுறவு என்றால் சண்டை உண்டு. சங்கத்து ஆண்டுக்கூட்டத்தில் நாற்காலி பறக்கும் என்பது நம் ஊர் நகைச்சுவை. ஆனால் நாற்காலியைத் தூக்குகிற தைரியம் பங்குதாரனுக்குத்தான் வரும்.

அதற்கும் முன்னால், தமிழ்நாட்டில் ஏரிகளுக்குக் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. பாசனத் தண்ணீரைப் பயன்படுத்தும் ஊர்க்காரர்கள் தங்கள் உழைப்பைப் போட்டுத் தூர்வாரி, மடை திறக்கிற முறையைத் தாங்களே பேசி வைத்துக்கொள்வது. (சாதிப்படி நிலை அதிலும் இருந்தது, தூர்வாரியவர்கள் எல்லாருக்கும் மடையில் சம உரிமை இருந்தது என்று சொன்னால் பொய்.) பொதுவில் விட்டால் எல்லாரும் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று காரட் ஹார்டின் 1968-இல் எழுதியதை உலகமே நம்பியபோது, எலினோர் ஆஸ்ட்ரம் பாசன ஊர்களையும் மீன்பிடி ஊர்களையும் போய்ப் பார்த்தார். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பொதுச்சொத்து நீடித்து நின்ற இடங்களில் எல்லாம், பயன்படுத்துகிறவர்களுக்கே விதியை மாற்றுவதில் குரல் இருந்தது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. தரவுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். மழைக்கணக்கு எடுக்க எடுக்கக் குறையாதுதான். ஆனால் அதை வைத்திருக்கும் கணினி மின்சாரம் குடிக்கும், தண்ணீர் குடிக்கும், பழுதாகும், இடம் கேட்கும். 'மேகம்' என்று யார் பெயர் வைத்தார்களோ, நல்ல விற்பனையாளராக இருந்திருப்பார். நம் பக்கத்து ஜொகூருக்குப் போனால் அந்த மேகத்தைத் தொட்டுப் பார்க்கலாம். கூலாய் யங் என்ற செம்பனைத் தோட்டத்து நிலத்தில் இப்போது தரவு மையப் பூங்கா நிற்கிறது. தோட்டத்தில் மழை அளந்த காலம் போய், தோட்ட நிலத்திலேயே கணினி குடிவந்துவிட்டது.

என் நண்பர் ஒருவர், அவரும் பொறியாளர்தான், இதை ஒத்துக்கொள்வதில்லை. "எல்லாத்தையும் திறந்துவிட்டா யாரு எடுப்பான்னு நெனைக்கிறே? டெவலப்பர்தான் எடுப்பான். எந்தப் பள்ளத்துல தண்ணி நிக்காதுன்னு பாத்து நெலத்த வாங்கிப் போட்டுருவான். தண்ணி நிக்கிற தாமான்ல வீடு வாங்கினவன் விக்க முடியாம உட்காந்திருப்பான்." இது லேசான வாதம் இல்லை. கர்நாடகத்தில் பூமி என்ற திட்டத்தில் நிலப்பதிவுகளைக் கணினிமயமாக்கியபோது, பெங்களூரைச் சுற்றிப் பெரிய நிறுவனங்களுக்கே அது நிலம் வாங்க வசதியாகப் போனது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். திறந்த கதவில் முதலில் நுழைவது வண்டி வைத்திருப்பவன்தான்.

ஆனால் என் வேலையிலிருந்து எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. டெவலப்பருக்காக நாங்கள் மழைத்தரவைக் காசு கொடுத்தே வாங்குகிறோம். அந்தக் கட்டணம் திட்டச் செலவில் ஒரு வரி, யாரும் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அதே தாமானில் ஒவ்வொரு வருடமும் நாற்காலி மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைக்கும் குடும்பம் ஒரு நாளும் அதை வாங்கப் போவதில்லை. கட்டணமும் விண்ணப்பமும் தடுப்பது யாரை என்று பார்த்தால், நண்பர் பயப்படும் ஆளை அது தடுக்கவே இல்லை. வீடு விலை இறங்கும் என்பது உண்மை. அந்த வீட்டை விற்கப் போகிறவருக்கும் நாளை வாங்கப் போகிறவருக்கும் நடுவில் நான் நிற்க வேண்டியிருந்தால், வாங்குகிறவர் பக்கம்தான் நிற்பேன். அவருக்குத்தான் ஒன்றும் தெரியாது. விற்கிறவருக்கு எது மோசமோ அதை அரசு ஈடு செய்ய வேண்டும் என்று கேட்கலாம். அதைக் கேட்பதற்கும் வெள்ளக் கணக்கு கையில் வேண்டும். 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்கா மாதக்கணக்கில் வாளியோடு லாரிக்கு வரிசையில் நின்றது. அந்த வருடத்து மழைக்கணக்கை முன்கூட்டியே யார் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாருக்கு அது தெரியாமல் இருந்தது என்று யோசித்தால் நண்பரின் கேள்வி வேறு மாதிரி கேட்கிறது.

சரி, மலாக்காக்காரனுக்குப் பங்கு என்றால் எப்படி இருக்கும்? அரசுகள் அளவில் பதில் சிக்கலில்லாதது: ஆசியானுக்கென்று 1993 முதல் சிங்கப்பூரில் ஒரு வானிலை மையம் இருக்கிறது, நம் நாடுகள் அங்கே தரவையும் கணினியையும் சேர்த்துப் போட்டு, சபையில் உட்கார்ந்து சண்டை போடலாம். செய்வார்களா என்பது எனக்குக் கட்டுப்பட்ட விஷயமில்லை. ஊர் அளவில் நடக்கக்கூடியது வேறு. 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய சமயம், ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் பிரிட்டனின் பழைய மழைத்தாள்களை இணையத்தில் போட்டு, பார்த்துத் தட்டச்சு செய்து கொடுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார். அறுபத்தையாயிரம் தாள்கள். பதினாறாயிரம் பேர் பதினாறு நாளில் முடித்தார்கள். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகள். அவற்றை அளந்தவர்களில் பாதிரியார்கள், தோட்டக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள். நம்மிடமும் நீரிணைக் குடியேற்றக் காலத்து அறிக்கைகளும் எரியாமல் மிஞ்சிய தோட்ட நோட்டுகளும் இருக்கின்றன. யார் வீட்டு அலமாரியிலாவது ஒன்று கிடக்கும். அதைப் படமெடுத்துத் தட்டச்சு செய்து கொடுக்கிறவன், அடுத்த முறை கேட்டுப் போகும்போது கை நீட்டுகிறவனாகப் போகமாட்டான்.

மலாக்காவில் தோட்டம் போன பிறகும் தமிழ்ப்பள்ளிகள் பல நிற்கின்றன, பெயரில் லாடாங்கோடு: கெமுனிங், தெபோங், ஜாசின் லாலாங், புக்கிட் லிந்தாங். பள்ளித் திடலில் ஒரு மழைமானி வைத்து, பிள்ளைகள் எழுதி, அந்தக் கணக்கைப் பள்ளியின் பெயரோடு வெளியிட்டால் என்ன என்று ஆசிரியையாக இருக்கும் ஒரு தோழியிடம் கேட்டேன். திட்டத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, பள்ளி விடுமுறையில யாரு வந்து அளப்பாங்க?" என்றார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஆள் கேட்டு ஒரு பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை பெயர் விழுந்துவிட்டது. சனிக்கிழமைக்கு ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஞாயிறு இன்னும் காலியாக இருக்கிறது.